முதலில் லைட் அடித்தவர்

இரத்தினசிங்கம் இங்கிலாந்துக்குக் காரை எடுத்த அன்று சனிக்கிழமை. யூலை மாதம். டென்மார்க்கில் கோல்டிங் நகரத்தின் தொழிற்சாலைகள் கோடை லீவுக்கு மூடிய மறுநாள். குடியிருப்பின் கார் தரிப்பிடத்தில் நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காயை வைத்து, அவர் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் நாயோடு வந்து நின்றார்.

"மீனுக்கோ?" என்று தேசிக்காயைக் காட்டிக் கேட்டார்.

"காருக்கு" என்றார் இரத்தினசிங்கம்.

அந்த மனிதர் சற்று யோசித்தார். "ஒயில் மாத்துறதை விட மலிவுதான்" என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார்.

பின் இருக்கையில் மகள் மேனுஜா தலையைக் குனிந்து போனுக்குள் ஒளிந்திருந்தாள். ஓர்ஹூஸ் நகரத்தில் படிக்கிறவள். "அப்பா, கெதியா வெளிக்கிடுவம். எல்லாரும் பாக்கினம்" என்றாள் டெனிஷில். அவள் பெற்றோருடன் டெனிஷில்தான் கதைப்பாள். அவர்கள் தமிழில் பதில் சொல்வார்கள். அந்த வீட்டில் அது யாருக்கும் வித்தியாசமாகப் பட்டதில்லை.

"பாக்கட்டும் பிள்ளை. பாத்தால் கார் தேயாது" என்றார் அப்பா. கார் நாலு தேசிக்காயையும் நசித்துக்கொண்டு புறப்பட்டது.

கார் ஓடுவதென்றால் இரத்தினசிங்கத்துக்குச் சோறு வேண்டாம். கோல்டிங்கில் முதன்முதல் லைசன்ஸ் எடுத்த தமிழரில் அவர் ஒருவர். அந்த ஆரம்ப நாட்களில் பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினவரும் அவர்தான், ஊரிலிருந்து வந்து இறங்கிய மணப்பெண்களை விமான நிலையத்தில் போய்க் கூட்டிவந்தவரும் அவர்தான். ஹேர்னிங் கோவில் தேருக்கு ஒரு வான் வண்டியில் ஆட்களை அடைத்து ஏற்றி, வழியெல்லாம் வாயில் வந்ததைப் பாடிக்கொண்டு போனவர். யன்னல் செய்யும் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுவது அவருக்கு வேலை. அங்கே அவரது பெயரை முழுதாகச் சொல்ல வாய் வளையாதவர்கள் தலைப்பகுதியை மட்டும் வெட்டி 'ரட்' என்று கூப்பிட்டார்கள். டெனிஷில் ரட் என்றால் ஸ்டியரிங் வளையம். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஆங்கிலத்தில் அதே சொல் எலியைக் குறிக்கும் என்று மேனுஜா சொன்ன பிறகும் அந்தப் பெருமை குறையவில்லை.

இன்னொரு பெருமையும் இருந்தது. அதை அவர் அடிக்கடி வெளியே சொல்வார். வந்து இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரனோடும் குரலை உயர்த்திக் கதைத்ததில்லை என்பது அது. எண்பத்தெட்டில் எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, கடையில் வரிசையில் நின்ற ஒருவன் காதுக்குள் வந்து "உன்ர வீட்டுக்குப் போ" என்றான். அப்போது அவருக்கு மொழி அரைகுறை. வீடு எங்கே இருக்கிறது என்று கேட்கிறானாக்கும் என்று நினைத்து, சிரித்து, தெருப் பெயரைச் சொன்னார். பிறகு அர்த்தம் விளங்கியபோதும் அவர் கோபப்படவில்லை. "நாங்கள் வந்த இடத்திலை வாய் காட்டக் கூடாது" என்பார். மேனுஜாவுக்கு இந்தக் கதையைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

முதலில் லண்டன். மனைவி தவமலரின் தம்பி சுஜிந்தனின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. அது முடிந்ததும், இங்கிலாந்தின் வடக்கே ஏரிகளும் மலைகளும் உள்ள பக்கமாக ஒரு நீண்ட கார் ஓட்டம். அந்த இரண்டாவது பகுதி முழுக்க முழுக்க இரத்தினசிங்கத்தின் ஆசை. டென்மார்க்கில் ஆகாயமலை என்று பெரிய பெயரோடு ஒன்று இருக்கிறது. அதில் ஏறி நிற்கிறவனைவிடப் பனைமரம் ஏறினவன் தூரம் பார்ப்பான் என்பார். யாரோ ஒருவர் தன் கார்க் கண்ணாடியில் கமராவைப் பூட்டி அந்த ஏரிப் பாதைகளில் ஓடிப் படம் போட்டிருந்தார். வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு அதைப் பார்ப்பதே அந்த மாரி முழுக்க அவருக்கு வேலை. இரண்டு பக்கமும் கல்மதில், நடுவில் ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை, திடீரென்று கீழே தண்ணீர். வளைவுகள் அவருக்கு மனப்பாடம்.

"அத்தான், அந்தப் பக்கம் றோட்டு சரியான ஒடுக்கம்" என்றான் சுஜிந்தன், புறப்படும் அன்று. "உங்கட காருக்கு ஸ்டியரிங்கும் மற்றப் பக்கம். பேசாமல் ரெயினிலை போங்கோவன்."

"தம்பி, நான் தட்டிவான் ஓடினவன்" என்றார் இரத்தினசிங்கம். அதோடு பேச்சு முடிந்தது.

அது பொய்யில்லை. பத்தொன்பது வயதில் கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில், பின்பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்ட அந்த மரவண்டியை அவர் ஓட்டியிருக்கிறார். உள்ளே மாம்பழமும் தேங்காயும் மனிதரும், பலகையில் இன்னும் ஆட்கள். அந்த வழியில் சட்டம் ஒன்றுதான். எதிரே வாகனம் கண்டால் லைட்டை அடி. முதலில் அடித்தவனுக்கு வழி. லைட் அடித்தால் 'நான் வாறன், நீ நில்' என்று அர்த்தம். யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாள் எல்லாம் சொர்க்கமாக இருந்தது. விண்டர்மியர் ஏரியோரம் ஓடினார்கள். ஆம்பிள்சைடில் இறங்கி, தவமலர் லண்டனிலிருந்து கட்டிவந்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து சாப்பிட்டார்கள். தவமலருக்குத்தான் ஓட்டம் கஷ்டம். அவள் இருந்த வலப்பக்க இருக்கையில் இங்கிலாந்துக் காரென்றால் சாரதி இருப்பார். எதிரே வரும் ஒவ்வொரு லொறியும் அவளுடைய மடியை நோக்கியே வந்தது.

"இஞ்சேருங்கோ, வருது, வருது!"

"எனக்கும் கண் இருக்கு மலர்."

"உங்களுக்குக் கண் இருக்கு. முட்டினால் முட்டுறது எனக்கெல்லோ."

மேனுஜா பின்னால் இருந்து சிரித்தாள். இரத்தினசிங்கமும் சிரித்தார். இடப்பக்கம் ஓடத் தொடங்கியதிலிருந்து அவருக்குள் என்னவோ இளகிவிட்டிருந்தது. கை, கால், கண் எல்லாம் பழைய வழக்கத்துக்குப் போய் நின்றன. வளைவில் ஹோர்ன் அடித்தார். ஆட்டுக்கு ஹோர்ன் அடித்தார். டென்மார்க்கில் வருஷத்துக்கு ஒருதரம்கூட அவர் ஹோர்ன் அடித்ததில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம், லிட்டில் லாங்டேல் பக்கமாக ஒரு ஒழுங்கை. இரண்டு பக்கமும் சீமெந்து பூசாமல் அடுக்கிய கல்மதில். கார்கள் விலத்துவதற்கென்று இடைக்கிடை மதிலை உள்ளே தள்ளி இடம் விட்டிருந்தார்கள். அப்படி ஒரு இடத்தை அவர் அப்போதுதான் தாண்டியிருந்தார். தூரத்தில் ஒரு சின்னப் பச்சைக் கார் வந்து, அதன் பக்கத்திலிருந்த ஒதுங்கிடத்தில் நின்றது. இரத்தினசிங்கத்தின் கை அவரைக் கேட்காமலே லைட்டை இரண்டு தரம் அடித்தது. நான் வாறன், நில்.

பச்சைக் கார் நிற்கவில்லை. அதன் சாரதி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு வரத் தொடங்கினார்.

"பாத்தீரே? விரல் காட்டுறான்" என்றார் இரத்தினசிங்கம். அவரும் நிறுத்தவில்லை. இரண்டு காரும் மூக்கோடு மூக்காக நடு ஒழுங்கையில் வந்து நின்றன.

மற்றக் காரில் தனியே ஒரு கிழவர். தொப்பி போட்டிருந்தார். அவர் புன்னகை செய்து, இரத்தினசிங்கத்தின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். ஒதுங்கிடம் உனக்குக் கிட்டத்தான் இருக்கிறது, கொஞ்சம் பின்னுக்கு எடு என்பது போல. அந்தப் புன்னகைதான் இரத்தினசிங்கத்தைச் சுட்டது. முதலில் லைட் அடித்தது நான். அடித்ததைக் கண்டும் வந்தான். வந்துவிட்டு, என்னைப் பின்னுக்குப் போகச் சொல்லிச் சிரிக்கிறான். எங்கட முகத்தைக் கண்டதும் இவைக்கு வழி விட மனம் வராது.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். மதிலில் கதவு இடித்தது.

"ஐ லைட்!" என்று கத்தினார். "ஐ லைட் ஃபர்ஸ்ட்! யூ நோ சீ?"

கிழவர் கண்ணாடியை இறக்கினார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். இரத்தினசிங்கம் விடவில்லை. எஸ்பியர்க் கடை வரிசையில், மீன் தொழிற்சாலையில், முப்பது வருஷமாக விழுங்கினதெல்லாம் தொண்டைக்கு வந்து நின்றது. வெளியே வர ஆங்கிலம் மட்டும்தான் போதவில்லை.

"யூ ஓல்ட் மேன்! யூ நோ டிரைவ்! கோ ஹோம்! யூ கோ ஹோம்!"

கிழவரின் முகத்திலிருந்து நிறம் போனது. "சொறி" என்றார். இன்னொரு தரமும் சொன்னார். கியரை மாற்றி, தூரத்திலிருந்த தன் ஒதுங்கிடம் வரைக்கும் பின்னுக்குப் போனார். கார் பாம்பு போல் நெளிந்தது. ஒதுங்கிடத்தை அண்டியதும் பின் சில்லு ஒன்று மதிலோர வடிகானுக்குள் இறங்கி, பச்சைக் கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இரத்தினசிங்கம் போக இடம் இருந்தது. அவர் போனார்.

"அப்பா, நிப்பாட்டுங்கோ!" மேனுஜா தமிழில் கத்தினாள். "அவற்ற சில்லு விழுந்திட்டுது!"

"நிண்டு அவன்ர காரையும் தூக்கிவிடச் சொல்லுறியோ?"

"இஞ்சேருங்கோ, வயசு போன மனுசன்" என்றாள் தவமலர். அவள் கோல்டிங்கில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டும் வேலை செய்கிறவள். கடந்து போகையில் கிழவர் இருந்தது அவளுடைய யன்னலிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கார் நிற்கவில்லை.

அன்று பொழுதுபட அவர்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சிரித்த முகமுள்ள மனுசி. எங்கெல்லாம் போனீர்கள், ஒழுங்கைகள் பயமாக இல்லையா என்று கேட்டாள். பிறகு, பயப்பட ஒன்றுமில்லை, இந்தப் பக்கத்துச் சனம் பொறுமையானது, எதிரே வருகிறவர் லைட்டை அடித்தால் 'நான் நிற்கிறேன், நீ வா' என்று அர்த்தம், நீங்கள் வரலாம், வரும்போது ஒரு விரலை உயர்த்தி நன்றி சொன்னால் போதும் என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே கற்பனை ஸ்டியரிங் ஒன்றிலிருந்து விரலை உயர்த்தியும் காட்டினாள்.

மேனுஜா அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையிருக்கவில்லை. இரத்தினசிங்கத்தின் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள்ளேயே கரைந்து விழுந்தது.

மனுசி போனதும் தவமலர் கேட்டாள். "அப்ப, அந்த மனுசன் தானா வரேல்லையே. நீங்கள் வா எண்டு சொன்னபடியால்தானே வந்தவர்?"

அவர் கரைந்த பிஸ்கட்டைக் கரண்டியால் துழாவினார்.

"வரச் சொல்லிப்போட்டு, வந்ததுக்குப் பேசியிருக்கிறியள்."

"விடும் மலர்."

"வீட்டுக்குப் போ எண்டியள். அவற்ற ஊரிலை நிண்டு."

அவர் எழுந்து குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. எஸ்பியர்க் கடையில் காதுக்குள் வந்தவனின் முகம் அவருக்கு ஒருபோதும் நினைவில் இருந்ததில்லை. இப்போது அந்த முகத்துக்குத் தன் மீசை இருப்பதாகப் பட்டது.

மறுநாள் காலை வேறு மலைக்குப் போக இருந்தார்கள். இரத்தினசிங்கம் காரைத் திருப்பி அதே ஒழுங்கைக்கு விட்டார். பச்சைக் கார் இல்லை. கானில் சில்லு இறங்கிய தடமும், யாரோ முட்டுக் கொடுக்கப் பாவித்த ஒரு பலகைத் துண்டும் கிடந்தன. அந்தக் கிழவரைக் கண்டு, பிழை என்னுடையது, நீங்கள் சரியாகத்தான் வந்தீர்கள் என்று சொன்னாலொழிய இந்தப் பயணம் தனக்கு இனி ருசிக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு வீடுகள். ஒன்றில் ஒருவரும் இல்லை, மற்றதில் விடுமுறைக்கு வந்த ஆட்கள். கடைசியில் கீழே ஊருக்குள் ஒரு சின்னக் கடைக்குப் போனார்கள். அங்கே நின்ற பெண் கோடை வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவள். பச்சைக் கார்க் கிழவர் யாரையும் தெரியாது என்றாள். வேண்டுமென்றால் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டு எழுதிக் குத்திவிட்டுப் போங்கள் என்றாள்.

மேனுஜா பேனையை எடுத்தாள். "லைட் விஷயத்தையும் விளக்கமா எழுதுவம் அப்பா. நாங்கள் அடிச்சது, எங்கட ஊரிலை அதுக்கு வேற அர்த்தம், அவரிலை பிழை இல்லை எண்டு."

இரத்தினசிங்கம் பலகையைப் பார்த்தார். காணாமல் போன பூனை, தேவாலயத்துக் கேக் விற்பனை, விறகு வேண்டுமா. கடைக்குள் வந்த இரண்டு பேர் பால் எடுத்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டாம்" என்றார். "வாற போற சனமெல்லாம் நிண்டு வாசிக்கும். ஓடத் தெரியாதவன் டென்மார்க்கிலையிருந்து வந்து கத்திப்போட்டுப் போனான் எண்டு ஊரெல்லாம் சிரிக்கும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு மட்டும் எழுது. நம்பரைப் போடு. எடுத்தாரெண்டால் நான் வாயாலை சொல்லுறன்."

"வாயாலை? உங்கட இங்கிலீஷிலையோ?"

"நீ சொல்லன்."

அவள் பேனையின் மூடியைக் கழற்றினாள். பிறகு, பச்சைக் கார் ஓட்டிவந்த ஐயாவுக்கு, ஒழுங்கையில் நடந்ததற்கு மிகவும் வருந்துகிறோம், டென்மார்க் கார்க்காரர் என்று எழுதி, அப்பாவின் போன் நம்பரைப் போட்டுக் குத்தினாள்.

போன் வரவில்லை. ஏரிகள் மீதி மூன்று நாளும் அதே அழகோடுதான் இருந்தன. எதிரே ஒரு காரைக் கண்டால் இரத்தினசிங்கம் தூரத்திலேயே ஒதுங்கி நின்றார். எதிர்க்காரர் லைட் அடித்து வா வா என்றாலும் அசையவில்லை. பின்னால் கார்கள் வால் பிடித்து நின்றன.

கோல்டிங்குக்கு வந்த பிறகு அவர் செய்த வேலைதான் இதை எல்லாம் விடக் கேவலமானது. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், ஆண்கள் ஒரு மேசையில் இருந்தபோது, பக்கத்து வீதியில் இருக்கும் குருசுமுத்து கேட்டார். "என்ன ரட் அண்ணை, இங்கிலாந்து ஓட்டம் எப்பிடி? மலைக்கு ஏறினீரோ, மலை உம்மிலை ஏறினதோ?"

இரத்தினசிங்கம் நல்ல இடம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். வாயில் வேறு வந்தது. ஒரு ஒழுங்கையில் ஒருத்தன் வழி விடாமல் வந்து முன்னுக்கு நின்றதையும், தான் இறங்கிப் போய் நாலு சொல்லுக் கொடுத்ததையும், அவன் பயந்து பின்னுக்குப் போய்க் கானுக்குள் விழுந்ததையும் சொன்னார். அந்த மனிதரின் வயதைச் சொல்லவில்லை. லைட்டையும் சொல்லவில்லை.

மேசை கலகலத்தது. "அண்ணை, நீங்களோ? பூனை மாதிரி இருந்த மனுசன்!" என்று ஒருவர் முதுகில் தட்டினார். "இப்பிடித்தான் வேணும் அவங்களுக்கு. முப்பது வருஷத்துக்கும் சேத்துக் குடுத்திட்டீர்" என்றார் குருசுமுத்து. பெண்களின் மேசையிலிருந்து தவமலர் திரும்பிப் பார்த்தாள். கேக் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவள் சொன்னது ஒரு வசனம். "அவர் உங்களுக்குச் சொறி சொன்னவர்."

அதன் பிறகு அந்தக் கதையை மற்றவர்கள் கேட்டுக் கேட்டு வந்தார்கள். அவர் தலைவலி என்பார், வேலை என்பார். கோவிலுக்கு ஆட்களை ஏற்றிப் போவதையும் குறைத்தார். தொழிற்சாலையில் யாராவது 'ரட்' என்று கூப்பிட்டால் எலி என்ற அர்த்தம்தான் முதலில் காதில் விழுந்தது. இரவில் கோல்டிங் தெருக்களில் எதிரே வந்த கார் ஏதாவது காரணத்துக்கு லைட் அடித்தால் காரை ஓரத்துக்கு எடுத்துவிடுவார். மேனுஜா லீவில் வரும்போது, அந்த நம்பருக்கு ஒருதரும் எடுக்கேல்லையோ என்று கேட்பாள். இல்லை என்பார். கொஞ்ச நாளில் அவளும் கேட்பதை விட்டாள்.

அடுத்த வருஷம் கார்த்திகை. மழையும் இருட்டுமான ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில் அவருடைய போனுக்கு இங்கிலாந்து நம்பர் ஒன்றிலிருந்து ஒரு செய்தி வந்தது. சுஜிந்தனாக்கும் என்று திறந்தார். நீளமான ஆங்கிலம். அரைவாசி விளங்கியது, விளங்கிய அரைவாசியே அவரைச் சாப்பாட்டை விட்டு எழுப்பப் போதுமாக இருந்தது. அதை மேனுஜாவுக்கு அனுப்பிவிட்டு அவளுக்கு எடுத்தார்.

அவள் அழைப்பை வெட்டாமலே அதை வாசித்து முடித்தாள். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, தமிழில், சொல் தேடித் தேடி, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"எங்கள் ஊர்க் கடை கை மாறுகிறது. அறிவித்தல் பலகையைக் கழற்றியபோது வேறு காகிதங்களுக்கு அடியில் உங்கள் துண்டு இருந்ததாம். பச்சைக் கார் என்றதால் என்னிடம் தந்தார்கள். ஆம், அது என் அப்பாதான். அவர் சுகமாக இருக்கிறார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டார். எதிரே வந்தவர் லைட் அடித்து வா என்று சொன்னதாகத் தனக்குப் பட்டதாம். அப்படி இருந்திருக்க முடியாது, அந்த மனிதர் அவ்வளவு கோபப்பட்டாரே, தன் தலைக்குள் ஏதோ குழம்பத் தொடங்கிவிட்டது, இனித் தான் ஓட்டக் கூடாது என்றார். வயது எண்பத்திரண்டு என்பதால் நாங்களும் மறிக்கவில்லை. காரை இந்த வசந்தத்தில் விற்றுவிட்டோம். நேற்று உங்கள் துண்டை அவருக்கு வாசித்துக் காட்டினேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிழை தன்னுடையதாக இருக்க, நீங்கள் எதற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல?"